வேட்டைக்காரனுக்கு வழி சொல்லாதீங்க

போன மாசம் மெஸ்ஸுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ ஜூனியர் ஒருத்தன் தட்டோட வந்து எதிர்ல உட்கார்ந்தான். "அண்ணே, வேட்டைக்குப் போறதுக்கு எந்த ஜிபிஎஸ் நல்லது? மேப் எதை ஏத்தணும்?"

பையனுக்குச் சொந்த ஊர் கழுகுமலைப் பக்கம். யூடியூப்ல அமெரிக்காக்காரங்க மான் வேட்டைக்குப் போற வீடியோக்களை வரிசையா பார்த்திருக்கான். ஆரஞ்சு கலர் சட்டை, தோள்ல துப்பாக்கி, கையில கைக்கடக்கமா ஒரு ஜிபிஎஸ் கருவி. எது அரசு நிலம், எது தனியார் நிலம்னு வண்ணம் பிரிச்சுக் காட்டுற மேப். "எங்க தாத்தா அந்தக் காலத்துல முயல் வேட்டைக்குப் போனவருண்ணே" என்று பெருமையாகவும் சொன்னான்.

அவனுக்கு அன்னைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இதோ. அவனுக்கு மட்டும் இல்லை, கேமராவும் பைக்கும் ஃபோனும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனால் காட்டுப் பக்கம் கிளம்பும் உங்க எல்லாருக்கும்தான்.

முதல்ல சட்டம். இந்தியாவில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். ஆரம்பத்தில் சில விலங்குகளை உரிமம் வாங்கி வேட்டையாட அதில் இடம் இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை போட்டு வரவழைப்பது, விரட்டுவது, பறவையின் கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவது எல்லாமே சட்டத்தின் கண்ணில் 'வேட்டை'தான். முயற்சி பண்ணினாலே போதும், குற்றம். மயில், வெளிமான், உடும்பு மூன்றும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதற்கான தண்டனை 3 வருஷத்தில் தொடங்கி 7 வருஷம் வரை போகும். தாத்தா போனார் என்பது வீட்டுக் கதை. பேரன் போனால் அது எஃப்ஐஆர்.

"அப்போ ஜிபிஎஸ்ஸே வேண்டாமா?" என்று கேட்டால், வேண்டும். துப்பாக்கி இல்லாமலும் ஒரு விலங்கைத் தேடிப் போகலாம். பறவை பார்க்கப் போறவங்க, மான் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராப் போறவங்க, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக கண்மாயையும் ஓடையையும் அளக்கப் போறவங்க நம்ம காலேஜ்லயே இருக்காங்க. கால்தடம் பார்ப்பது, காத்துக் கிடப்பது, இடத்தைக் குறித்து வைப்பது, இருட்டில் திரும்பி வருவது என்று இவர்களுக்குத் தேவைப்படும் வித்தை எல்லாம் பழைய வேட்டைக்காரனின் வித்தைதான். கருவியும் அதேதான். அதனால் கேள்வி சரியான கேள்வி. பதிலைத்தான் நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி சொல்லணும்.

கரிசலுக்கு எந்தக் கருவி?

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்குப் போகிற சுமார் 20 கிலோமீட்டரில் ஜன்னல் வழியாக வெளியே பாருங்க. என்ன தெரிகிறது? வானம். கண்ணுக்கு எட்டின தூரம் கறுப்பு மண், நடுவில் நாலு உடை மரம், கொஞ்சம் சீமைக்கருவேல், தூரத்தில் காற்றாலை. ஜிபிஎஸ்ஸுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஏன் என்று உங்களுக்கே தெரியும். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோளின் சிக்னல் நேராக வந்து சேர்ந்தால்தான் நாம் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் கருவி கணக்குப் போட முடியும். மரக்கூரையும் பாறைச் சுவரும் அந்தச் சிக்னலை மறைக்கும், இல்லைன்னா திருப்பி அடிக்கும். அமெரிக்கக் காட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக் காட்டிலும் விலை உயர்ந்த கருவி தேவைப்படுவது இதனால்தான். கரிசல் காட்டில் மறைக்க எதுவும் இல்லை. திறந்த வானத்துக்குக் கீழே சாதாரண ஃபோனே 5 மீட்டர் சுற்றளவுக்குள் இடத்தைச் சொல்லிவிடும்.

ஒரே விதிவிலக்கு மலையடிவாரம். வெட்டுவான் கோயிலுக்கு ஏறிப் போகும்போது பாறை ஒரு பக்கம் சுவர் மாதிரி நிற்கும் இடத்தில் ஃபோனை எடுத்துப் பாருங்க. நீலப் புள்ளி ஓர் இடத்தில் நிற்காமல் அலைபாயும். பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் செய்யும் வேலை அது. எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையையும் வாங்கும் கருவி அந்த மாதிரி இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்லும். நம்ம நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5-ல் முதலிலிருந்தே பேசுகின்றன. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல்தான் எல்1-லும் பேச ஆரம்பித்தது. வாங்கப் போகும் ஃபோனோ கருவியோ நாவிக்கைப் புரிந்துகொள்ளுமா என்று விவரப் பட்டியலில் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படின்னா தனிக் கருவி எதுக்கு? மூணு காரணம் இருக்கு. ஒண்ணு, பேட்டரி. ஃபோன்ல மேப்பைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் அது கண்ணை மூடிவிடும். கார்மின் இ-ட்ரெக்ஸ் மாதிரி கருவிகள் கடையில் கிடைக்கும் இரண்டு ஏஏ செல்லில் ஒரு நாள் முழுக்க ஓடும். கழுகுமலைப் பெட்டிக்கடையிலும் அந்த செல் கிடைக்கும். இரண்டு, வெயில். பங்குனி மாசம் மதியம் பன்னிரண்டு மணிக்கு நம்ம ஊர் வெயிலில் ஃபோன் திரையில் உங்க முகம்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் 'சூடு அதிகம்' என்று அணைந்தும் போகலாம். தனிக் கருவியின் திரை வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகத் தெரியும். மூணாவது காரணம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம், அதைக் கடைசியில் சொல்றேன்.

மாசத்துக்கு ஒரு தடவை போறவங்க காசைச் செலவு பண்ண வேண்டாம் என்பது என் கருத்து. இருக்கிற ஃபோன், ஒரு பவர் பேங்க், ஆஃப்லைனில் இயங்கும் ஒரு செயலி போதும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் இரண்டுமே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை ஃபோனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும். டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஃபோனில் ஜிபிஎஸ் வேலை செய்ய டவர் தேவையே இல்லை என்பது நம்மில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. டவர் இருந்தால் முதல் தடவை சீக்கிரம் இடத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கிற மாமா ஊருக்கு வரும்போது "என்னடா வேணும்?" என்று கேட்டால், சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவியை மட்டும் கேட்டுவிடாதீங்க. கார்மின் இன்ரீச் அந்த வகை. ஜிபிஎஸ் கருவி காது மாதிரி, கேட்க மட்டும் செய்யும். இன்ரீச்சுக்கு வாயும் உண்டு, செயற்கைக்கோளுக்குத் திருப்பிப் பேசும். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகளே நம்ம விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். மாமாவைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

கருவியைவிட மேப் முக்கியம்

கருவிக்குக் காசு சேர்க்கும் யாரும் மேப்பைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் வழி தவறுவது பெரும்பாலும் மேப்பால்தான்.

1767-ல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களை இப்போது இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். கண்மாய், ஓடை, கிணறு, வண்டிப்பாதை, சம உயரக் கோடு எல்லாம் அதில் உண்டு. பழைய எண்முறையில் கழுகுமலை விழுவது 58 ஜி/12 தாளில். கோவில்பட்டி பக்கத்துத் தாளான 58 ஜி/16-ல் இருக்கிறது. அதாவது பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போய்விடுவோம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்று முழிக்கக் கூடாது.

லைப்ரரியில் கிடைக்கும் பழைய தாளை ஸ்கேன் பண்ணிப் போடுபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்து வரைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் மாற்றிக் கணக்குப் போடாமல் அப்படியே வைத்தால் நம்ம பகுதியில் 100 மீட்டருக்கும் மேலே தள்ளிக் காட்டும். நீங்க கண்மாய்க் கரையில் நிற்பீங்க, மேப் உங்களைத் தண்ணிக்குள்ள நிற்க வைக்கும். புதிய தாள்களில் இந்தப் பிரச்சினை இல்லை, அவை டபிள்யூஜிஎஸ் 84-லேயே வருகின்றன.

அடுத்தது எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடு அதற்குச் சற்றுக் கிழக்கே ஓடுகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? யூடிஎம் முறையில் 43-வது மண்டலம் அங்கே முடிந்து 44-வது மண்டலம் தொடங்குகிறது. கழுகுமலை 43, விளாத்திகுளம் 44. அந்தக் கோட்டைத் தாண்டினதும் உங்க கிழக்கு எண் சுமார் 8,30,000-லிருந்து 1,70,000-க்குக் குதிக்கும். மண்டல எண்ணை எழுதாமல் இடத்தைக் குறித்து வைத்தால் அந்தக் குறிப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தலைவலி வேண்டாம் என்றால் பேசாமல் தசமப் பாகையில் எழுதுங்க. அதிலும் கவனம்: கழுகுமலையின் அட்சரேகை சுமார் 9.15. அதை யாராவது 9 பாகை 15 கலை என்று படித்தால் 11 கிலோமீட்டர் வடக்கே போய் நிற்பார்கள்.

இவ்வளவும் சரியாக வைத்துக்கொண்டாலும் கரிசல் நம்மை ஏமாற்றும். மேப்பில் இருக்கும் வண்டிப்பாதை சித்திரையில் சிமெண்டு ரோடு மாதிரி இருக்கும். ஐப்பசியில் ஒரு மழை பெய்துவிட்டால் அதே பாதையில் பைக் பத்தடி போகாது. மண் டயரில் அப்பி மட்கார்டில் அடைத்து, சக்கரமே சுத்தாது. விதைப்பு முடிந்ததும் பாதை வரப்போரமாக ஒதுங்கிவிடும், அறுவடை முடிந்ததும் மறுபடி குறுக்கே வந்துவிடும். இதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. ஆடு மேய்க்கிறவரிடம் கேட்கணும். "தாத்தா, இந்தப் பக்கம் வண்டி போகுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், பாதையோடு சேர்த்து அந்த ஓடைக்குப் பேரும் கிடைக்கும். அந்தப் பேரை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழிலேயே ஏத்திவிடுங்க. அது உங்க பங்கு.

குருமலை மாதிரி காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்கக் கூடாது. வல்லநாடு வெளிமான் சரணாலயத்துக்கும் அதேதான். மேப்பில் பச்சையாகத் தெரிந்தால் நின்று யோசிங்க.

பதினொரு புள்ளிகள்

இதுவரை சொன்னது கருவி. இனி சொல்லப் போவது நாங்க பண்ணின தப்பு.

போன வருஷம் தை மாசம் நாங்க மூணு பேர் ஓர் இடத்துக்குப் போனோம். எந்த ஊர்ப் பக்கம் என்று சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு கண்மாயின் உள்வாய், உடை மரங்கள், அறுத்த சோளத்தட்டை. விடியக்காலை அஞ்சே முக்காலுக்குக் கவுதாரிகள் கத்த ஆரம்பித்தன. முயல் படுத்துக் கிடந்த குழிகள், மயில் அடையும் மரங்கள் எல்லாம் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி போட்டோம். மொத்தம் பதினொன்று. ஐந்து தசம இடம் வரை துல்லியம். எவ்வளவு பெருமை தெரியுமா! அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் ஒரு மேப்பில் ஏத்தி, லிங்க்கை மூணு வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். 'கரிசலில் இவ்வளவு உயிரா' என்று ஹார்ட்டாக வந்து குவிந்தது. யார் யாரோ ஃபார்வர்டு பண்ணினார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

ஒரு மாசம் கழித்து மறுபடி போனோம். கவுதாரி கத்தவில்லை. முதல் உடை மரத்தடியில் நைலான் கண்ணி வரிசையாக நட்டிருந்தது. ஒரு கண்ணியில் ஒரு கால் மட்டும் மாட்டியிருந்தது. முள்வேலி இடுக்கில் முயலுக்கு வைத்த கம்பிச் சுருக்கு. எங்க பதினொரு புள்ளியையும் சுற்றி வந்தோம். ஏழு இடத்தில் கண்ணியோ இறகோ கிடந்தது.

அங்கே ஆடு மேய்க்கிற தாத்தா ஒருத்தர் எங்களை ஞாபகம் வைத்திருந்தார். "ஏன் தம்பி, போன தடவ வந்து படம் புடிச்சிட்டுப் போனீயளே, நீங்க போன பெறகு பைக்குல ஆளுக வந்தாக. வெளியூரு. ஃபோனைப் பாத்துக்கிட்டே வந்து, நேரா இந்த மரத்தடியில கொண்டாந்து நிப்பாட்டுனாக. நான் இங்கனயே கெடக்கேன், எனக்கே எந்த மரத்துல மயிலு அடையுதுன்னு அம்புட்டுச் சரியாத் தெரியாது. அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எங்க மூணு பேரில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வனத்துறைக்குத் தகவல் சொன்னோம், வந்து கண்ணிகளை எடுத்தார்கள். லிங்க்கை அழித்தோம். எங்க லிங்க்கைப் பார்த்துதான் வந்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 'ஃபோனைப் பாத்துக்கிட்டே வந்தாக' என்ற வார்த்தையை மறக்கவும் முடியவில்லை.

பின் ஒன்று, கை இரண்டு

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 2013-ல் மத்தியப் பிரதேசத்தில் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு புலியின் இருப்பிடத் தகவல் வந்து சேரும் மின்னஞ்சல் கணக்குக்குள் யாரோ நுழையப் பார்த்தார்கள். நல்ல வேளை, பலிக்கவில்லை. புலியைக் காப்பாற்றக் கட்டிய பட்டை, கணக்கு கை மாறியிருந்தால் புலிக்கு எமனாகியிருக்கும். 2018 ஜனவரியில் இன்னொரு சம்பவம். ஓட்டப்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா உலகம் முழுக்க யார் எங்கே ஓடுகிறார்கள் என்று ஒரு வண்ண மேப் போட்டிருந்தது. ராணுவ முகாம்களுக்குள் சிப்பாய்கள் ஓடின தடம் பாலைவனத்தில் வெளிச்சமாகத் தெரிந்தது. ரகசியத்தை விற்கணும் என்று யாரும் நினைக்கவில்லை. பட்டனை அணைக்க மறந்தார்கள், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் ஏற்கெனவே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆபத்தில் இருக்கும் உயிரினத்தைப் பதிந்தால், உண்மையான இடத்தைக் காட்டாமல் 0.2 பாகைக் கட்டம் ஒன்றுக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். அதாவது சுமார் 22 கிலோமீட்டர் அகலக் கட்டம். ஈபேர்டு தளமும் வேட்டைக்கு இலக்காகும் பறவைகளின் இடத்தைப் பொதுவில் மறைக்கிறது. ஆராய்ச்சிக்குத் தகவல் போகிறது, வேட்டைக்காரனுக்குப் போகவில்லை. ஆனால் முயலும் கவுதாரியும் உலக அளவில் அபூர்வம் இல்லை. அதனால் இந்தத் தளங்கள் அவற்றைத் தானாக மறைக்காது. நம்ம ஊர்க் கவுதாரிக்கு நாமதான் மறைக்கணும்.

இதைச் சொன்னதும் நண்பர்கள் இரண்டு விதமாக மறுப்பார்கள்.

"வேட்டைக்காரனுக்கு நம்ம மேப் எதுக்குடா? அவன் பரம்பரையா காடு தெரிஞ்சவன்" என்பது முதலாவது. உள்ளூர்க்காரனுக்குத் தேவையில்லை, உண்மைதான். ஆனால் உள்ளூர்க்காரனை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். தாத்தா கேள்வி கேட்பார். பிரச்சினை அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து ராத்திரி ஹெட்லைட்டோடு வருகிறவன். அவன் ஓர் இடத்தைக் கற்றுக்கொள்ள நாலு ராத்திரி அலையணும். அந்த அலைச்சலில்தான் அவன் நாலு பேர் கண்ணில் படுவான், நாய் குரைக்கும், யாராவது "யாருய்யா அது?" என்பார்கள். நம்ம பின் அந்த நாலு ராத்திரியை அவனுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. "தகவல் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். மறைச்சு வெச்சா, இங்க ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சு நாளைக்கே கண்மாயைத் தூர்த்துடுவாங்க." இதில் நியாயம் இருக்கிறது. 'தரிசு' என்று எழுதிவைத்த கரிசலில் உயிர் இருக்கிறது என்று நிரூபிக்கத் தகவல் வேண்டும்தான். ஆனால் 'இந்த ஒன்றியத்தில் கவுதாரி இருக்கிறது' என்று சொல்வதற்கும் 'இந்த மரத்தடியில், காலை 5.45-க்கு' என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கண்மாயைக் காப்பாற்ற முதலாவது போதும். இரண்டாவது கண்ணி வைக்கிறவனுக்கு மட்டும்தான் வேணும்.

ஆகவே என் கருத்து இதுதான்: ஓடாததைப் பகிருங்க, ஓடுவதை மறைங்க. கோயில், கல்வெட்டு, கிணறு, கண்மாய் மடை, பழைய வண்டிப்பாதை எல்லாத்தையும் ஐந்து தசம இடத்தோடு ஊருக்கே சொல்லுங்க. மூச்சு விடுகிற எதையும் ஒரு தசம இடத்தோடு நிறுத்துங்க. ஒரு தசம இடம் என்றால் சுமார் 11 கிலோமீட்டர், ஐந்து என்றால் சுமார் 1 மீட்டர். நாலு இலக்கத்தை அழிக்க ஒரு நொடி ஆகாது.

கூடவே சில பழக்கங்கள். கேமரா செயலியில் இருப்பிடம் பதிவதை அணைத்து வைங்க. வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் இருப்பிடத் தகவல் நீங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். நடந்த தடத்தின் கோப்பை யாருக்கும் முழுசாகக் கொடுக்காதீங்க. அது உங்க ஹாஸ்டல் வாசலில் தொடங்கி மயில் மரத்தில் முடியும். படத்தின் பின்னணியையும் பாருங்க. கழுகுமலைப் பாறையின் வடிவமும் காற்றாலைத் தூணில் எழுதியிருக்கும் எண்ணும் ஒரே படத்தில் இருந்தால் அதுக்கு ஜிபிஎஸ்ஸே தேவையில்லை. முழு விவரம் யாருக்காவது தேவை என்றால் அது வனத்துறைக்கும், கணக்கெடுப்பை நடத்துபவருக்கும்தான். அவர்களுக்கு நேரில் கொடுங்க.

கடைசியில் சொல்றேன்னு சொன்ன மூணாவது காரணம் இப்போ புரிந்திருக்கும். தனிக் கருவி ஊமை. அதில் போட்ட புள்ளி, நீங்களாகக் கேபிள் சொருகி எடுக்கிற வரைக்கும் அதுக்குள்ளேயே கிடக்கும். ஃபார்வர்டு பட்டன் கிடையாது, ஸ்டேட்டஸ் கிடையாது, மேகத்தில் தானாக ஏறாது. அடிக்கடி போறவங்க காசு சேர்த்துத் தனிக் கருவி வாங்குவதாக இருந்தால் துல்லியத்துக்காக வாங்க வேண்டாம், இந்த ஊமைத்தனத்துக்காக வாங்குங்க. பழைய மாடல், மெமரி கார்டு மாட்டுகிற இடம், இரண்டு செல், அவ்வளவு போதும்.

ஜூனியர் தம்பிக்கு: உங்க தாத்தா முயல் இருக்கிற இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியலை. தனக்குத் தெரிஞ்சதைத் தனக்குள்ளேயே வெச்சிருந்தார். அவர்கிட்ட இருந்து நீ எடுத்துக்க வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். அடுத்த ஞாயிறு கிளம்புறோம், நீயும் வா. பைனாகுலர் ஒண்ணு கூடுதலா இருக்கு. எங்கேன்னு மட்டும் குரூப்ல கேட்காதே. பஸ் ஸ்டாண்டுல வெச்சுச் சொல்றேன்.